சதீஸ்குமாரின் சீட்டி

மாரிக்கனி மில் வேனை விட்டு எம்.ரெட்டியபட்டி விலக்கில் இறங்கிக் கைப்பேசியைப் பார்த்தபோது, ஜெப ஷீலா அனுப்பிய ஒலிப்பதிவு ஒன்று வந்து கிடந்தது. கூடவே இரண்டு வரி. ‘தனியா இருக்கும்போது கேளு மாரிக்கனி. கேட்டுட்டு எனக்குப் போன் பண்ணு.’

வெயில் இன்னும் தாழவில்லை. நிழற்குடையில் ஒருத்தரும் இல்லை. ஷிப்டு முழுக்க மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வந்த காது ஙொய்யென்று இருந்தது. அவள் பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முதலில் எதுவோ சொட்டுகிற சத்தம். சில்வண்டுகள் விடாமல் கத்தின. உயரத்தில் எங்கோ ஒரு கருமந்தி ‘ஊக்… ஊக்…’ என்றது. இது காடு என்பது அவளுக்குத் தெரியும். சதீஸ்குமார் உயிரோடு இருந்தவரைக்கும், அவன் பேசும்போதெல்லாம் குரலுக்குப் பின்னால் இந்த இரைச்சல்தான் ஓடும். ‘உயிரோடு இருந்தவரைக்கும்’ என்று அவள் மனசுக்குள் மட்டும்தான் சொல்லிக்கொள்வாள். வீட்டில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க முடியாது.

அப்புறம் அது கேட்டது. நீளமாக இரண்டு சீட்டி. முதலாவது மேலே ஏறியது, இரண்டாவது கீழே வழுக்கி இறங்கியது. அதன் வாலைப் பிடித்தாற்போல, நாக்கைச் சுழற்றி ஒரு ‘ட்ருர்ர்ர்’.

மாரிக்கனி நிழற்குடைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு கூப்பாடு உண்டு. கரிசல் காட்டில் நாலு மந்தை ஒன்றாகக் கலந்து கிடந்தாலும், அவரவர் கூப்பாட்டுக்கு அவரவர் ஆடு பிரிந்து வந்துவிடும். இந்த இரண்டு சீட்டியும் ட்ருர்ரும் அவள் மாமனார் நல்லகண்ணு வீட்டுக் கூப்பாடு. அவருக்கு முன்பல் போனபிறகு சரியாக வராது. ஊரிலேயே அதைத் தெளிவாக அடித்தவன் சதீஸ்குமார் ஒருத்தன்தான்.

அவள் ஷீலாவை அழைத்தாள்.

“எப்ப எடுத்ததுக்கா இது?”

“இந்தப் பங்குனியில. காட்டுக்குள்ள வச்ச கருவியில விழுந்திருக்கு. நேத்துத்தான் கேட்டேன்.”

“அவுக போனது போன வருசத்துக்கு முந்தின வருசம் கார்த்திகையில.”

“ஆமா.” ஷீலா குரலைத் தாழ்த்தினாள். “இது மனுசன் சத்தம்தானான்னு எனக்கே உறுதியாச் சொல்ல முடியல மாரிக்கனி. வேற மாதிரியும் இருக்கலாம். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது சதீசோட சீட்டியா?”

“அவுக சீட்டிதான்” என்றாள் மாரிக்கனி.

ஷீலாவுக்குப் பாளையம்பட்டி. மேற்கு மலையில், மழைக்காட்டுக் காப்பகம் ஒன்றில், பறவைகளின் சத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கருவிகளை மரங்களில் கட்டிவைத்து, மாதக்கணக்கில் விட்டு எடுத்து, என்னென்ன உயிர் எப்போது கத்துகிறது என்று கேட்கிற வேலை. சாமான் தூக்கவும் மரம் ஏறவும் நம்பகமான ஆள் வேண்டும் என்று சொந்த ஊர்ப்பக்கத்திலிருந்தே சதீஸ்குமாரைக் கூட்டிப்போனாள். கல்யாணமான புதுசு. மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து போவான். அந்தக் கார்த்திகையில், கண்ணாடிக் கசம் என்கிற ஆழமான மடுவுக்கு அக்கரையில் இருந்த கருவியை எடுக்கப்போனவன் மேலே பெய்த மழையை அறியவில்லை. ஓடை ஒரேயடியாகப் பொங்கி வந்திருக்கிறது. அவனுடைய தோள்பை மட்டும் பிரம்புப் புதரில் சிக்கிக் கிடந்தது. எவ்வளவோ தேடியும் ஆளைக் காணவில்லை.

உடம்பு கிடைக்கவில்லை என்பதால் நல்லகண்ணு காரியம் செய்ய விடவில்லை. “என் மகனுக்கு நீச்சல் தெரியும். எங்கயாச்சும் அடிபட்டு, நெனைப்பு தப்பிக் கிடப்பான். மலையில காணி சனங்க காப்பாத்தி வச்சிருப்பாக” என்பார். இறப்புச் சர்ட்டிபிகேட்டுக்கு ஏழு வருசம் ஆகும் என்று தாலுகா ஆபீசில் சொன்னார்கள். மாரிக்கனி தாலியோடுதான் மில்லுக்குப் போய்வந்தாள். சுமங்கலி என்று யாரும் அவளை விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. இழவு விசாரிக்கவும் யாரும் வந்ததில்லை. மாமியார் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். இரண்டு பேருமே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்துவார்கள்.

அவள் நிறுத்துவதற்குக் காரணம் வேறு. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளைப் பெற்றவர்கள் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். விஜயபாண்டி என்று பேர், மனைவியைப் பறிகொடுத்தவன், வேன் ஓட்டுகிறான். மாரிக்கனி சரியென்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் மனசு அவளுக்கே பிடிக்காத ஒன்றை விரும்பிக்கொண்டிருந்தது. எங்காவது நாலு எலும்பு கிடைத்தால் போதும் என்று இருந்தது. இப்போது சீட்டியைக் கேட்டவுடன் நெஞ்சில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பயம். வந்துவிடுவானோ என்கிற பயம்.

வீடு வரைக்கும் பதிவை அழித்துவிடலாமா என்றே யோசித்துக்கொண்டு நடந்தாள். மாமனார் வெளியே போயிருப்பார் என்று நினைத்து, பட்டிப் படலுக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு தடவை கேட்கப்போனாள். காதில் இரைச்சல் இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

சீட்டி கேட்டதும் பட்டிக்குள் அசைபோட்டுக்கொண்டிருந்த ஆடுகளின் வாய் நின்றது. அத்தனையும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. ‘ட்ருர்ர்ர்’ வந்ததும் காது மூளியான கிழட்டு ஆடு ஒன்று எழுந்து, மற்றவற்றை மோதித் தள்ளிக்கொண்டு படலில் வந்து முட்டியது. அதன் பின்னால் மொத்த மந்தையும். பேசியைப் பார்க்கவில்லை அவை. அவளைத் தாண்டி, ரோட்டுப் பக்கம் பார்த்துக் கத்தின.

வீட்டுக்குள்ளிருந்து நல்லகண்ணு ஓடிவந்தார். வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் ரோட்டுக்கே போய்விட்டார்.

“ஏலே சதீசு! ஏலே!”

ரோடு காலியாகக் கிடந்தது. திரும்பி வந்தார். மருமகள் கையில் இருந்ததைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஷீலா உறுதியில்லை என்று சொன்னதையும் சொன்னாள். அது அவர் காதில் ஏறவே இல்லை.

“நம்மளை ஏமாத்தலாம் தாயி. ஆடுக ஏமாறாது. பாத்தேல்ல?” படலைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். “இன்னொரு தடவை போடு.”

அவள் போடவில்லை. ஆடுகள் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாளே புறப்பட்டார்கள். நல்லகண்ணு ஒரு பையில் மகனுடைய கட்டம் போட்ட சட்டையையும் வேட்டியையும் மடித்து வைத்துக்கொண்டார். “கந்தலும் கிழிசலுமா இருப்பான். பஸ்ஸுல எப்படிக் கூட்டிட்டு வர்றது?” என்றார். திருநெல்வேலி போய், பஸ் மாறி அம்பாசமுத்திரத்தில் இறங்கினார்கள். ஷீலா அங்கே ஜீப்போடு நின்றாள். மெலிந்து, வெயில் படாத முகத்தோடு இருந்தாள். நல்லகண்ணுவைக் கண்டதும் அவள் பார்வை தரைக்குப் போனது. சதீஸ்குமாரைக் கூட்டிப்போனது தான்தான் என்கிற நினைப்பு அவளை விட்டிருக்கவில்லை.

“அய்யா, ஒரு விசயம் முன்னாடியே சொல்லிடறேன். அது அவனா இருக்காதுன்னுதான் எனக்குத் தோணுது.”

“பாத்துட்டுச் சொல்லும்மா” என்று அவர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

சோதனைச் சாவடியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பாதை முடிகிற இடத்தில் இறங்கினார்கள். வேட்டைத்தடுப்புக் காவலர் தங்கசாமி, கையில் அரிவாளோடு காத்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். அதற்கு மேல் நடைதான்.

மாரிக்கனிக்குக் காடு என்றால் வேலிக்கருவேலம்தான். அதில் நின்றால் அரை மைலுக்கு அப்பால் வருகிற ஆளின் சட்டை நிறம் தெரியும். இங்கே பத்தடி போனதும் பின்னால் வந்த வழி மூடிக்கொண்டது. வானம் இல்லை. உச்சிப்பொழுதில் அந்திபோல ஒரு பச்சை வெளிச்சம். மரங்களின் வேர்கள் ஆளுயரச் சுவர்களாக எழுந்து நின்றன. ஒவ்வொரு மரத்தின் மேலும் இன்னொரு செடி, அந்தச் செடியின் மேல் பாசி, பாசியிலிருந்து தண்ணீர். மழை எப்போதோ விட்டிருந்தது. ஆனாலும் காடு சொட்டிக்கொண்டே இருந்தது. கால்விரல் இடுக்கில் அட்டைகள் நூல்போல ஏறின. தங்கசாமி மூக்குப்பொடியைத் தடவி உதிர்த்துவிட்டார்.

“பயப்படாத தாயி” என்றார். “மனுசன் பொறக்குறதுக்கு முன்னாடியே இருக்கிற காடு இது. நம்மள அது கண்டுக்கிறதே இல்ல.”

ஆனால் அவளுக்கு, கண்டுகொண்டே இருப்பதாகத்தான் பட்டது. ஒரு திருப்பத்தில் தங்கசாமி கையை நீட்டித் தடுத்தார். ஈரப்பாறை என்று அவள் நினைத்தது தலையைத் திருப்பியது. காட்டுமாடு. வெள்ளைக் காலுறை போட்டாற்போன்ற கால்கள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, கிளை ஒன்றுகூட முறியாமல் மறைந்துபோனது. அவ்வளவு பெரிய உடம்பு எங்கே போனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. மேலே மரக்கூரைக்கு அப்பால் எதுவோ காற்றை வாளால் அறுப்பதுபோல வீசிக்கொண்டு கடந்தது. நல்லகண்ணு குனிந்துவிட்டார். இருவாச்சி, ரெக்கைச் சத்தமே அப்படித்தான் என்றாள் ஷீலா. பறவையை யாரும் பார்க்கவில்லை.

நல்லகண்ணு மட்டும் ஒவ்வொரு புதரையும் விலக்கி விலக்கிப் பார்த்தபடி வந்தார்.

ஷீலாவின் குடிசை ஒரு சரிவில் இருந்தது. தகரக் கூரை, இரண்டு அறை. அதற்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே ஒரு பாறை துருத்திக்கொண்டு நின்றது. அதன்மேல் மட்டும் கொஞ்சம் வானம் தெரிந்தது.

“அந்தத் தம்பி இதுமேல ஏறி நின்னுதான் ஊருக்குப் பேசும்” என்று தங்கசாமி மாரிக்கனியிடம் சொன்னார். “இங்க மட்டும்தான் டவர் கிடைக்கும். மூடுபனி இறங்கிட்டா நாங்க ஆளுக்கொரு பக்கமாத் திணறிப்போவோம். தம்பி இதுமேல நின்னு சீட்டியடிக்கும். நாங்க ஆட்டுமந்தை மாதிரி ஒவ்வொருத்தரா வந்து சேருவோம்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை. சரிவுக்குக் கீழேயிருந்து வந்தது. ஏறுகிற சீட்டி. இறங்குகிற சீட்டி. ‘ட்ருர்ர்ர்.’

பேசியில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நாலு மரம் தள்ளி ஆள் நிற்கிறான்.

“வந்துட்டேன்டா!” நல்லகண்ணு கத்திக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். “அப்பா வந்துட்டேன்டா! நில்லுலே, அங்கனயே நில்லு!”

சறுக்கி விழுந்தார். முழங்கால் சதை பெயர்ந்தது. எழுந்து இரண்டு விரலை வாயில் வைத்து, காற்றும் எச்சிலுமாகத் தன் சீட்டியை அடித்தார். உடனே பதில் வந்தது, அவருடையதைவிடத் தெளிவாக. அவர் அழுதுகொண்டே சிரித்தார். தங்கசாமி பின்னால் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“அய்யா. மேல பாருங்க. அந்தக் கொடி தொங்குற கிளையில.”

கறுப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. தலையில் சுருண்ட கொண்டை. வாலிலிருந்து கம்பிபோல இரண்டு இழை நீண்டு, நுனியில் மட்டும் துடுப்புபோல இறகு. அது கழுத்தைச் சிலுப்பியது. வாயைத் திறந்தது. கழுகு கத்துவதுபோலக் கத்தியது. அடுத்து மலை அணில்போல அடுக்கிக் கொட்டியது. அடுத்து, அதே வாயால், சதீஸ்குமாரின் சீட்டியை அடித்தது.

நல்லகண்ணு அண்ணாந்து நின்றார்.

“கரிச்சான்” என்றார் கடைசியில். “நம்ம ஆட்டு முதுகுல உக்காந்து வருமே.”

“அதோட காட்டுச் சாதிங்கய்யா. துடுப்புவால் கரிச்சான்” என்றாள் ஷீலா. “கேட்ட சத்தத்தை எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும். தினமும் அவன் சீட்டியைக் கேட்டிருக்கு.”

“எப்பக் கேட்டுச்சு?”

“அவன் இங்க இருந்தப்ப.”

“இப்பவும் எங்கயாச்சும் அவன்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லலாம்ல? காலையில கேட்டிருக்கலாம்ல? நீ எப்படிம்மா இல்லைன்னு சொல்லுவ?”

அப்போது ஓடைக்கு அக்கரையிலிருந்து இன்னொரு சீட்டி கேட்டது. ஏறியது, இறங்கியது, ஆனால் ‘ட்ருர்’ பாதியில் நின்றது. திரும்ப ஒருமுறை முயற்சி செய்து, திரும்பவும் தப்பியது. கிளையில் இருந்த பறவை அதற்குப் பதிலாக முழுசாக அடித்துக் காட்டியது.

“அது யாரு?” என்றார் நல்லகண்ணு.

“இதோட குஞ்சா இருக்கும். இந்த வருசம் பொறந்தது.”

“அது என் மகனைப் பாத்ததா?”

“இல்லைங்கய்யா. அது பொறக்குறப்ப அவன் இல்ல. இதுகிட்டக் கேட்டுத்தான் படிக்குது.”

நல்லகண்ணு அந்த இடத்திலேயே ஈர இலைகளின்மேல் உட்கார்ந்தார். குஞ்சு மறுபடியும் தப்பாக அடித்தது. அவர் உதடு அதற்கேற்பக் குவிந்து, அப்படியே நின்றுவிட்டது. முழங்காலிலிருந்து வழிந்த ரத்தத்தில் அட்டை ஏறியது. மாரிக்கனி குனிந்து அதை எடுத்துப்போட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் இல்லைன்னு பொறந்த குஞ்சுக்கே தெரிஞ்சுபோச்சு தாயி” என்றார். “எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

வெகுநேரம் கழித்து எழுந்தார். “பை கிடந்த இடம் எங்க இருக்கு?” என்று தங்கசாமியிடம் கேட்டார்.

கண்ணாடிக் கசம் சரிவின் அடியில் இருந்தது. ஓடை அதற்கு மேலும் கீழும் பாறைகளில் இரைந்தது. மடுவுக்குள் மட்டும் சத்தமில்லை. அடியில் கிடந்த இலைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அதற்கும் கீழே கறுப்பு. நல்லகண்ணு சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் இறங்கினார். மார்பளவுத் தண்ணீர். தெற்கே பார்த்து நின்று மூன்று கை தண்ணீர் இறைத்தார். மகன் பேரை முழுசாகச் சொன்னார். அப்பன் பேர், பாட்டன் பேர் சொன்னார்.

முதல் முழுக்குப் போட்டு எழுந்தபோது பறவை மேலே வந்துவிட்டிருந்தது. கூப்பிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது முழுக்குப் போட்டார். எழுந்ததும் மறுபடியும் கூப்பிட்டது. பெற்ற மகன் கரையில் நின்று ‘அப்பா’ என்று கூப்பிடும்போது அவனுக்குத் தலைமுழுகுகிறவன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தது அவர் முகம். மூன்றாவது முழுக்கில் வெகுநேரம் எழவில்லை. ஷீலா வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கசாமிதான் கையைப் பிடித்து இழுத்தார்.

கரையேறி, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றார். மாற்றிக்கொள்ள அவரிடம் வேறு துணி இல்லை. பையைத் திறந்து மகனுடைய வேட்டியைக் கட்டினார். கட்டம் போட்ட சட்டையை மாட்டினார். பித்தான் போட வரவில்லை. மாரிக்கனி போட்டுவிட்டாள்.

“நீயும் முழுகிரு தாயி” என்றார். “கழுத்துல கிடக்கிறத இங்க வச்சுக் கழட்டணும்னு இல்ல. அது உன் இஷ்டம். தலையை மட்டும் நனைச்சுக்க. நம்ம ரெண்டு பேரும் அவனை ரொம்ப நாளா நிக்க வச்சிட்டோம்.”

இருபது மாதமாக அவள் காத்துக்கிடந்த சொல். அதைக் கேட்டதும் தண்ணீரில் இறங்கிவிடுவாள் என்றுதான் அவளே நினைத்திருந்தாள். கால் வரவில்லை.

“இந்தா வாரேன் மாமா” என்று சொல்லிவிட்டுச் சரிவில் ஏறினாள். ஷீலா கூட வரப் பார்த்தாள். வேண்டாம் என்று கைகாட்டினாள்.

பாறைமேல் ஏறி நின்றாள். மூடுபனி மரங்களுக்கிடையே புகுந்து வந்துகொண்டிருந்தது. குடிசை மறைந்தது. இந்த இடத்தில் நின்றுதான் அவன் பேசியிருக்கிறான். மில் கேன்டீனில் டீ ஆறிப்போக அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளை அழைத்ததும் அவன் உடனே பேசமாட்டான். தொண்டையை லேசாகக் கனைப்பான், ‘க்ஹும்’ என்று, புது ஆளிடம் பேசப்போகிறவன் மாதிரி. கல்யாணமாகி இரண்டு வருசம் ஆனபிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை.

தலைக்கு மேலே, பனிக்குள், மிக அருகில் கேட்டது.

‘க்ஹும்.’

மாரிக்கனி அப்படியே நின்றாள். மேலே பார்க்கவில்லை. பார்த்தால் பறவைதான் இருக்கும் என்று தெரியும். பார்க்காதவரை அடுத்த சொல் வரும். அவள் காது அதற்காகத் திறந்து கிடந்தது.

‘க்ஹும்.’

“சொல்லுங்க” என்றாள், எப்போதும் சொல்வதுபோல.

இலைகள் சொட்டின.

“நான் உங்களைச் செத்துப்போகச் சொல்லி வேண்டிக்கிட்டேன்” என்றாள். குரல் தன்னுடையதாகவே இல்லை. “எங்க சாமியையும் வேண்டிக்கிட்டேன், வழியில இருந்த சர்ச்சு மாதாவையும் வேண்டிக்கிட்டேன். சீட்டியைக் கேட்டதும் பயந்துபோனேன். நீங்க வந்திருவீகளோன்னு. எங்க அப்பாரு ஒரு இடம் பாத்திருக்காரு. நான் வேணாம்னு சொல்லல. எனக்கு வயசு இருபத்தாறுதான ஆகுது? நீங்க என்ன சொல்றீக?”

மேலே கிளை அசைந்தது. ஒரு கனைப்புகூட வரவில்லை. அதற்குப் பதிலாகக் காடு முழுக்க ஒரு சலசலப்பு எழுந்தது. வெடிப்பலாக் காய்கள் தரையில் தொப் தொப்பென்று விழுந்தன. பனிக்குள்ளிருந்து ஒரு முகம் வெளிவந்தது. கறுப்பு முகம், சுற்றிலும் நரைத்த பிடரி. சோலைமந்தி. வயசான ஆம்பிளை மாதிரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த காயைப் பிளந்து தின்னத் தொடங்கியது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்ட தாய் ஒன்று. கூட்டமாகக் கிளை மாறி மாறி அவளைத் தாண்டிப் போயின. அவற்றின் சலசலப்பில் கலைந்து பறக்கும் பூச்சிகளைப் பிடிப்பதற்காகக் கரிச்சானும் கூடவே போனது. இரண்டு துடுப்புகளும் பனியில் நீந்திப்போவதை அவள் பார்த்தாள். போகிற போக்கில் அது சீட்டியடித்தது. யாரையும் கூப்பிடவில்லை. அதற்கு வாயில் வருகிற சத்தங்களில் அதுவும் ஒன்று. அடுத்து ஒரு தவளைபோலக் கத்தியது. அப்புறம் கேட்கவில்லை.

அவள் கீழே இறங்கி வந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கசத்துக்குள் இறங்கினாள். தண்ணீர் எலும்பைக் கடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. மில்லின் இரைச்சல்கூட அடங்கியிருந்தது. கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். கறுப்புக்குள் அடி தெரியவில்லை. அவன் இதற்குள்தான் எங்கேயோ இருக்கிறான், அல்லது இந்த மரங்களின் வேருக்குள் போய்விட்டான், அல்லது கடலுக்கு. மூச்சு முட்டும்வரை உள்ளேயே இருந்தாள். எழுந்தபோது ஷீலா இடுப்பளவுத் தண்ணீரில் அவளைப் பிடிக்க வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்றுவரை அவள் அவனுக்காக வாய்விட்டு அழுததில்லை.

மறுநாள் காலையில் ஜீப்பில் மலையிறங்கும்போது ஷீலா மெதுவாகக் கேட்டாள். “அந்தப் பதிவை என்ன செய்யட்டும்? வேணாம்னா அழிச்சிடறேன்.”

“நீங்க அழிச்சா காட்டுல அழிஞ்சிருமாக்கா?”

இல்லையென்று ஷீலா தலையை ஆட்டினாள். “குஞ்சுக்குக் குஞ்சு போகும். எத்தனை காலத்துக்குன்னு எனக்குத் தெரியாது.”

“அப்ப இருந்துட்டுப் போகட்டும்.”

அருப்புக்கோட்டைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அனல் அடித்தது. கோவில்பட்டி தாண்டியதும் கரிசல் விரிந்தது. எட்டிய மட்டும் ஒரே வெட்டவெளி. அட்டை கடித்த இடத்தில் மாரிக்கனிக்கு இன்னும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நல்லகண்ணு தூங்குகிறார் என்று நினைத்தாள். அவர் கண்ணை மூடியபடியே பேசினார்.

“உங்க அப்பாரை ஒரு நாளைக்கு வரச்சொல்லு தாயி. மல்லாங்கிணத்துல ஏதோ பேச்சு ஓடுதுன்னு கேள்விப்பட்டேன். நானே வந்து நின்னு முடிச்சு வைக்கிறேன்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறார். அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்ச நாள் போகட்டும் மாமா.”

“ஏன் தாயி? இன்னும் என்ன?”

“காதுக்குள்ள அவுக பேச வர்ற மாதிரியே இருக்கு. இப்ப வேற யாரு பேசினாலும் எனக்குக் கேக்காது.”

நல்லகண்ணு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கண்டக்டர் படியில் நின்று யாரையோ உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அவர் கையை நீட்டி ஜன்னல் ஷட்டரை இழுத்து இறக்கினார். அனலும் இரைச்சலும் குறைந்தன.